முதல் தண்ணீர்

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே, கொல்லையில் நின்றால் கடல் இரைவது கேட்கிற ஊர் எங்களுடையது. வாரத்தில் ஆறு நாள் மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சனிக்கிழமை சாயங்காலமானால் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பூசைச் சாமான்கள் வைக்கிற அறையான சக்ரீஸ்துக்குப் போய்விடுவேன். பூசைக்கு வேண்டிய துணிகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து வைப்பது அங்கே என் வேலை. சம்பளம் கிடையாது. பதினோரு வருடமாகச் செய்கிறேன்.

நானாகக் கேட்டு வாங்கிய வேலை இல்லை. அந்த வருடம் என் தம்பி போன விசைப்படகை, எல்லை தாண்டியதாகச் சொல்லிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா விடிய விடிய செபமாலை உருட்டினார். எனக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம்கூட முழுதாக வாயில் வரவில்லை. கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வருவேன். அப்போது சக்ரீஸ்து வேலையைப் பார்த்துவந்த பெரியம்மா இதைக் கவனித்திருக்கிறார். ஒரு நாள் வாசலில் நிறுத்தி, ஒரு துணிப்பையைக் கையில் கொடுத்தார்.

"செபம் வரலேன்னா பரவால்ல தாயி. இதத் துவச்சுக் கொண்டா."

பையைத் திறந்து பார்க்குமுன் இன்னொன்றும் சொன்னார். "மொதத் தண்ணிய சாக்கடையில ஊத்திறாத. மண்ணுல ஊத்து. யாரும் மிதிக்காத எடமாப் பாத்து."

பீடத்தில் நற்கருணைக்கு அடியில் விரிக்கிற திருமேனித் துகிலும், குருவானவர் கிண்ணத்தைத் துடைக்கிற சிறு துகிலும் பைக்குள் இருந்தன. நற்கருணையான அப்பத்தின் துகள் ஒன்று, திராட்சை இரசத்தின் துளி ஒன்று அந்தத் துணியில் ஒட்டியிருக்கலாம். அது ஆண்டவருடைய உடலும் இரத்தமும் என்று நம்புகிறோம். அதனால்தான் முதலில் சோப்புப் போடாமல் நல்ல தண்ணீரில் ஊற வைத்து, அந்தத் தண்ணீரை மண்ணுக்குக் கொடுப்பது. சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் இதைப் பற்றிக் கேள்வி பதிலெல்லாம் மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கியவள் நான். ஆனால் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே ஊற்றுவது என்று கொல்லையைச் சுற்றிவந்த அன்றுதான் அந்தப் பதில் எனக்குப் புரிந்தது. கடைசியில் செம்பருத்தி தூரில் ஊற்றினேன்.

அடுத்து வந்தது தண்ணீர்ப் பிரச்சினை. ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் கிணறு உவர். அதில் துவைத்தால் வெள்ளைத் துணி இரண்டே மாதத்தில் பழுப்பேறி, முறமுறவென்று ஆகிவிடும். ஆகவே குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற குடிதண்ணீரில்தான் துவைக்க வேண்டும். முதல் தடவை அம்மா, "குடிக்கிற தண்ணியவாடி?" என்று கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் ஒன்றும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை எனக்கு முன்னால் எழுந்து ஒரு குடத்தைத் தனியாக மூடி வைத்திருந்தார்.

தவறும் நடந்தது. இரும்புக் கம்பியில் காயப்போட்டேன். உப்புக் காற்றில் துருப்பிடித்த கம்பி, துகிலின் நடுவே ஒரு செங்கோடு போட்டுவிட்டது. எலுமிச்சை தேய்த்தும் போகவில்லை. மந்திரித்த துணியைக் குப்பையில் போடக்கூடாது. பெரியம்மா என்னைத் திட்டவில்லை. அதை எரித்து, சாம்பலைக் கோயில் சுவரோரம் என் கையாலேயே புதைக்கச் சொன்னார். அன்றிலிருந்து நைலான் கயிறுதான்.

திருமேனித் துகிலை மூன்றாக மடித்து, திரும்பவும் மூன்றாக மடிக்க வேண்டும். விரித்தால் ஒன்பது கட்டம் தெரியும். எல்லா மடிப்பும் உள்பக்கமாக வரவேண்டும். பூசை முடிந்து மடிக்கும்போது துகள் வெளியே சிந்தாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கஞ்சி கூடினால் மடிப்பு விறைத்து நிற்கும், குறைந்தால் படியாது. எனக்கு இது கைவர நாலு மாதம் ஆனது.

அந்த நாலு மாதமும் தம்பியைப் பற்றி ஒரு நல்ல சேதியும் இல்லை. எனக்குச் செபமும் வரவில்லை. ஆனால் சனிக்கிழமை தவறியதில்லை. விசுவாசம் என்று அப்போது என்னிடம் இருந்ததெல்லாம் அந்த வாளித் தண்ணீர்தான். அது போதும் என்று ஆண்டவர் வாங்கிக்கொண்டார் என்றே இன்றும் நம்புகிறேன். ஏழாவது மாதம் தம்பி வந்தான். படகு வரவில்லை.

குருவானவர் அணிகிற பூசை உடுப்புகளையும் அப்புறம் நானே பார்க்கத் தொடங்கினேன். சாதாரண நாளில் பச்சை, தவக்காலத்தில் ஊதா, விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த மறைசாட்சிகளின் நாளில் சிவப்பு. பிப்ரவரி 4 வந்தால் சிவப்பை எடுத்துத் தேய்ப்பேன். 1693-ல் அதே நாளில் எங்கள் மாவட்டத்து ஓரியூரில் புனித அருளானந்தர் தலையைக் கொடுத்தார். அங்கிருந்து ஒரு பிடி செம்மண் எடுத்துவந்து வீட்டில் வைக்காத கத்தோலிக்கக் குடும்பம் எங்கள் பக்கத்தில் குறைவு. இஸ்திரிப் பெட்டியின் கீழே அந்தச் சிவப்பு விரியும்போது எனக்குப் பேச்சு வராது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் வார நாள் பூசையில்கூட ஆண்கள் நிறைய இருப்பார்கள், துணியும் கூடும். மற்ற மாதங்களில் சனிக்கிழமை கடலுக்குப் போனவர்கள் ஞாயிறு காலை கரைக்கு வந்து, குளித்த தலை ஈரம் காயாமல் கோயிலுக்குள் கடைசி வரிசையில் வந்து நிற்பார்கள். என் தம்பியும் அந்த வரிசையில்தான் நிற்பான். குருவானவர் துகிலை விரிக்கும்போது நான் ஒன்பது கட்டத்தையும் எண்ணிவிட்டு, அவன் வந்துவிட்டானா என்று திரும்பிப் பார்ப்பேன்.

பெரியம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. ஆனாலும் சனிக்கிழமை பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு வந்து, நான் மடித்து அடுக்கியதை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்ப்பார். போன வாரம் நாலாவது துணியில் விரல் நின்றது. "இது வெளிப்பக்கமா மடிஞ்சிருக்கு தாயி," என்றார். பிரித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். தண்ணீர் தெளித்து மறுபடி தேய்த்தேன்.