ஜன்னலுக்குத் தீபாராதனை

கனடாவின் வின்னிபெக்கில் வீடு வாங்கி மூன்று குளிர்காலம் தாக்குப்பிடித்தோம். ஜனவரியில் மைனஸ் 30 டிகிரி சர்வசாதாரணமாக வரும் ஊர். ஜன்னலோர சோபாவில் உட்கார்ந்தால் பிடரியில் யாரோ ஊதுவது போல இருக்கும். எங்களோடு வந்து தங்கிவிட்ட அம்மா, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து இடுக்கெல்லாம் திணித்து வைத்திருந்தாள்.

சரி, ஜன்னல்களையே மாற்றிவிடலாம் என்று ஒரு ஜன்னல் விற்பனையாளரைக் கூப்பிட்டேன். வந்தவர் ஒரு பெட்டியைத் திறந்து, சூடு விளக்கைப் போட்டு, அதன் முன்னால் சாதாரணக் கண்ணாடியை நிறுத்தி, பின்னால் கையை வைக்கச் சொன்னார். சுட்டது. அப்புறம் அவருடைய கண்ணாடி. சூடே இல்லை! நான் கையெழுத்துப் போடப் பேனாவைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

அம்மா மட்டும் கையை எடுக்கவில்லை. "ஏண்டா, இது வெயிலைத் தடுக்கிற கண்ணாடின்னா என் கூழ் வத்தல் எப்படிக் காயும்?"

எங்கள் கூடத்தின் தெற்கு ஜன்னல்தான் அம்மாவின் மொட்டை மாடி. வெளியே நின்றால் மூக்கு விறைத்துப்போகும்; ஆனால் வெயிலுக்குப் பஞ்சமில்லை. வேறு வழியின்றி மொழிபெயர்த்தேன். வத்தல் என்றால் என்ன என்பதற்கே ஐந்து நிமிடம் ஆயிற்று. அவர் புரிந்துகொண்டதும், விளக்கைத்தான் முதலில் அணைத்தார்.

இரவு உட்கார்ந்து படித்ததில்தான் விஷயம் விளங்கியது. வீட்டுச் சூடு வெளியே போகாமல் இருப்பது வேறு, வெயிலின் சூடு உள்ளே வருவது வேறு. விளக்கு காட்டியது இரண்டாவதை மட்டும். பாதி வருடம் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடும் ஊரில், இலவசமாக வரும் வெயிலைத் தடுப்பதை வித்தையாகக் காட்டியிருக்கிறார்! கண்ணாடியில் பூசும் 'லோ-ஈ' உலோகப் பூச்சிலேயே வகைகள் உண்டு. வெயிலை விட்டு, அறைச் சூட்டை மட்டும் பிடித்துவைக்கும் வகைதான் தெற்குச் சுவருக்கு வேண்டும்.

லேபிளைப் படிப்பது தனிக் கூத்து. வீட்டுச் சூடு எவ்வளவு வேகமாக வெளியேறும் என்று சொல்லும் யூ-ஃபேக்டர் நம் பள்ளிக்கூட ரேங்க் மாதிரி, குறையக் குறைய நல்லது. ஈ.ஆர். (எனர்ஜி ரேட்டிங்) என்பது மார்க் மாதிரி, கூடக்கூட நல்லது. கனடாவில் எரிசக்திச் சிக்கனத்துக்கான எனர்ஜி ஸ்டார் முத்திரைக்கு யூ 1.22-க்கு மேல் போகக் கூடாது, அல்லது ஈ.ஆர். குறைந்தது 34 இருக்க வேண்டும். இந்த ஈ.ஆர். கணக்கில் வெயில் சூட்டுக்கும் மார்க் உண்டு. அதாவது, வத்தல் காய்ந்தால் மார்க்!

கடைசியில் மூன்றடுக்குக் கண்ணாடி, நடுவில் சூட்டை எளிதில் கடத்தாத ஆர்கான் வாயு, கைப்பிடியைச் சுற்றித் திறக்கும் வகை. மூடினால் ரப்பரில் அழுந்தி உட்காரும். பக்கவாட்டில் தள்ளுகிற ஜன்னலில் அந்த அழுத்தம் கிடைக்காது. விலையைப் பற்றிப் பேசி மனதைப் புண்படுத்திக்கொள்ள விரும்பவில்லை.

மாட்டிவிட்டுப் போன அன்று இருட்டியதும், சொன்னதைத்தான் போட்டார்களா என்று சோதித்தேன். கண்ணாடி முன் தீக்குச்சியைக் கொளுத்தினால் அடுக்குக்கு இரண்டாகச் சுடர்கள் பிரதிபலிக்கும். பூச்சு உள்ள பக்கத்துச் சுடர் மட்டும் நிறம் மாறித் தெரியும். குச்சி சட்டென்று அணைந்ததால் கற்பூரத் தட்டை எடுத்தேன். மேலும் கீழும் காட்டி எண்ணினேன். ஆறு சுடர், அதில் இரண்டு வேறு நிறம். அதாவது மூன்று அடுக்கு, இரண்டு பூச்சு. திரும்பினால் அம்மா பின்னால் கைகூப்பி நிற்கிறாள். "கொடுத்த காசுக்குக் கும்பிட வேண்டியதுதான்" என்று ஒற்றிக்கொண்டு போனாள்.

முதல் மைனஸ் 30 காலையில் புது ஜன்னலின் அடியெல்லாம் தண்ணீர். ஜன்னல் கம்பெனிக்குக் கோபமாக ஃபோன் போட்டேன். "வீட்டுக்குள் ஈரப்பதம் எவ்வளவு?" என்றார்கள். அந்தக் குளிருக்கு அது ரொம்பக் குறைவாக இருக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் 52 சதவீதம். பழைய ஜன்னலின் ஓட்டை வழியே இட்லி ஆவியும் தானாக ஓடிப்போயிருக்கிறது. இப்போது அதற்கு வழியில்லை. அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போடும்படி அம்மாவிடம் சொன்னேன், போட்டாள்.

ஆனாலும் தெற்கு ஜன்னல் மட்டும் வியர்த்துக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தால், அதன் அடியில் விரித்த துணியில் மூன்று படி அரிசிக் கூழ் வத்தல், வெயிலில் ஜம்மென்று காய்ந்துகொண்டிருக்கிறது. அதன் ஈரமெல்லாம் கண்ணாடியில். அம்மா, அப்பாவின் மிச்ச வேட்டியால் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நல்ல ஜன்னல்டா. இரண்டே நாள்ல காஞ்சிடும்."