மைட்டி மவுஸ்: சண்டைகளை வரிசையாகப் பார்த்து எழுதும் நாட்குறிப்பு

2025 ஜனவரி 5, ஞாயிறு

எம்எம்ஏ (அடியும் மல்யுத்தப் பிடியும் கலந்த கூண்டுச் சண்டை) வீரர் ‘மைட்டி மவுஸ்’ டிமெட்ரியஸ் ஜான்சன் 2024 செப்டம்பரில் டென்வரில் ஓய்வை அறிவித்துவிட்டார். இனிப் புதுச் சண்டை வராது. பழையதை முதலிலிருந்து பார்க்கலாம். எத்தனை பெல்ட் (சாம்பியன் பட்டம்) என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே எடை, விதி, பிடி இவை மட்டும்.

2011 அக்டோபர் 1, வாஷிங்டன் டி.சி. டொமினிக் குரூஸுடன் 135 பவுண்டு பட்டச் சண்டை. ஜான்சன் உயரம் 160 செ.மீ., குரூஸ் 173. ஜான்சன் வேகமாகப் புகுந்து அடிக்கிறார். ஆனால் குரூஸின் கை இடுப்பில் விழுந்ததும் தரைக்குப் போகிறார். நடுவர்கள் மூவரும் குரூஸுக்கே கொடுத்தார்கள். வேகத்திலும் நுட்பத்திலும் குறையே இல்லை, எதிரே நின்ற உடம்புதான் பெரிது. அன்று யுஎஃப்சியில் (அமெரிக்காவின் பெரிய எம்எம்ஏ அமைப்பு) 125 பவுண்டு பிரிவே கிடையாது. மனிதர் கிடங்கில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே பயிற்சிக்குப் போனவர் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஜனவரி 11, சனி

125 பவுண்டு (56.7 கிலோ) பிரிவு 2012இல் நான்கு பேர் போட்டியோடு தொடங்கியது. மார்ச்சில் சிட்னி, எதிரே இயன் மெக்கால். முதலில் ஜான்சன் வென்றதாக அறிவித்தார்கள். பிறகுதான் மதிப்பெண்ணைக் கூட்டியதில் தவறு என்று தெரிந்து டிரா ஆனது. டிரா ஆனால் கூடுதலாக ஒரு ரவுண்ட் என்று இந்தப் போட்டிக்கென்றே விதி வைத்திருந்தார்கள். தவறு தெரிந்தபோது இருவரும் கூண்டை விட்டு இறங்கியாயிற்று! ஜூனில் மறுபடி மோதி ஜான்சன் வென்றார். செப்டம்பரில் டொரன்டோவில் ஜோசப் பெனவிடெஸை ஸ்பிளிட் டிசிஷனில் (மூன்று நடுவர்களில் இருவர் தீர்ப்பில்) தாண்டி முதல் சாம்பியன்.

ஜனவரி 12, ஞாயிறு

கியோஜி ஹொரிகுச்சி, மாண்ட்ரியல், 2015 ஏப்ரல். ஐந்தாம் ரவுண்ட் 4:59க்கு ஆர்ம்பார் (கையைக் கால்களுக்கு நடுவே பிடித்து முழங்கை மூட்டை எதிர்ப்பக்கம் வளைக்கும் பிடி). மணி அடிக்க ஒரே ஒரு விநாடி. புள்ளிகளில் எப்போதோ ஜெயித்துவிட்டவர், அந்த நேரத்தில் கை தேட வேண்டிய அவசியமே இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

ரே போர்க் சண்டை: லாஸ் வேகஸ், 2017 அக்டோபர் 7. பதினோராவது தொடர் பட்டக்காப்பு. ஆண்டர்சன் சில்வாவின் பத்துப் பட்டக்காப்பு என்ற யுஎஃப்சி சாதனை இங்கேதான் முறிந்தது. ஐந்தாம் ரவுண்ட் 3:15. இதை மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஜான்சன் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டியிருக்கிறார். சூப்ளெக்ஸுக்குத் (தூக்கிப் பின்பக்கமாக எறிவது) தூக்குகிறார். வழக்கமாகப் பிடியை விடாமல் தரைவரை கொண்டுபோய்ப் போடுவார்கள். இவர் போர்க் காற்றில் இருக்கும்போதே இடுப்பை விட்டுக் கையைப் பிடிக்கிறார். தரையைத் தொடும்போது கால்கள் ஆர்ம்பாருக்குப் போய்விட்டன.

பார்க்க வித்தை மாதிரி இருந்தாலும் காரணம் எளிது. தூக்கி எறியப்படுபவன் விழுவதைத் தாங்கக் கையை நீட்டுவான். அது தானாக வருவது, நிறுத்த முடியாது. நீண்ட கை உடம்பிலிருந்து பிரிந்த கை. தரையில் படுத்து நிமிடக்கணக்கில் போராடிப் பிரிக்க வேண்டியதை ஜான்சன் காற்றில் இலவசமாக வாங்கிக்கொண்டார்.

மீதியெல்லாம் எந்த ஆர்ம்பாருக்கும் பொருந்துவதுதான். இடுப்பு எதிராளியின் தோளோடு ஒட்டியிருக்க வேண்டும். இரண்டு முழங்காலும் இறுக வேண்டும். மணிக்கட்டு உங்கள் மார்பில், கட்டைவிரல் மேலே. பெரும்பாலும் கெடுவது முழங்காலில்தான். இடைவெளி விட்டால் முழங்கை உங்கள் இடுப்புக்குக் கீழே நழுவிவிடும், பிறகு எவ்வளவு இழுத்தாலும் மூட்டில் பாரம் ஏறாது. கட்டைவிரலைத் திருப்ப விட்டால் அந்தத் திசையில் உருண்டு வெளியேறுவார்கள். போர்க் சிறிது தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இதைப் பயிற்சிக் கூடத்தில் முயல்பவர்கள் முதலில் தடித்த கிராஷ் பேட் (விழும்போது தாங்கும் மெத்தை) போடட்டும். நடுவில் பிடியை விடுவதால் எதிராளியின் கழுத்து எப்படி விழும் என்பது உங்கள் கையில் இல்லை.

பிப்ரவரி 1, சனி

2018 ஆகஸ்டில் ஹென்றி செஹுடோவிடம் ஸ்பிளிட் டிசிஷனில் பட்டம் போனது. அக்டோபரில் ஆசியாவின் ஒன் சாம்பியன்ஷிப் அமைப்பு தன் வீரர் பென் ஆஸ்க்ரனை யுஎஃப்சிக்கு விட்டு, ஜான்சனை வாங்கிக்கொண்டது.

அங்கே ஃபிளைவெய்ட் (யுஎஃப்சியில் 125 பவுண்டாக இருந்த பிரிவு) 135 பவுண்டு. குரூஸிடம் தோற்ற அதே எண். ஆனால் அது அதே எடை இல்லை. அமெரிக்காவில் கடைசி ஒன்றிரண்டு நாளில் வெந்நீர்த் தொட்டியில் கிடந்து வியர்த்துத் தராசில் ஏறி, மறுநாளுக்குள் தண்ணீரைத் திரும்ப ஏற்றிக்கொள்வார்கள். 135 காட்டியவர் கூண்டில் அதைவிடக் கனமாக நிற்பார். ஒன்னில், 2015 டிசம்பரில் யாங் ஜியான் பிங் என்ற வீரர் எடைக்குறைப்பின்போது இறந்த பிறகு, எடையோடு சிறுநீரையும் சோதிக்கிறார்கள். அடர்த்தி 1.025ஐத் தாண்டக் கூடாது (வெறும் தண்ணீர் 1.000). உடம்பு வற்றினால் எண் ஏறும். நிறையக் குடித்து இறக்கலாமே என்றால், குடிக்கிற ஒவ்வொரு லிட்டரும் தராசில் ஒரு கிலோ. கடைசி வார வித்தை செல்லாது. வாரக்கணக்கில் சாப்பாட்டில்தான் எடையைக் கொண்டுவர வேண்டும். முப்பது தாண்டிய உடம்புக்கு இது பெரிய சலுகை. அவர் அத்தனை நாள் ஓடியதில் இந்த விதிக்குப் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

பிப்ரவரி 9, ஞாயிறு

முவே தாய் (தரைப் பிடி இல்லாத தாய்லாந்துக் குத்து-உதைச் சண்டை) வீரர் ரொட்டாங், சிங்கப்பூர், 2022 மார்ச். மூன்று நிமிட ரவுண்ட் நான்கு: ஒன்றும் மூன்றும் முவே தாய், இரண்டும் நான்கும் எம்எம்ஏ. முதல் மூன்று நிமிடம் உயிரோடு வெளியே வருவதுதான் முழுத் திட்டமும். இரண்டாம் ரவுண்டில் தரைக்கு இழுத்து, முதுகில் ஏறி, ரியர் நேக்கட் சோக் (பின்னாலிருந்து கையால் கழுத்தை நெரிக்கும் பிடி). ரொட்டாங் மயங்கிவிட்டார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ரொட்டாங்குக்கு முந்தைய ஆண்டுக்குப் பின்னே போகிறேன்: அட்ரியானோ மொரேஸ், 2021 ஏப்ரல். இரண்டாம் ரவுண்டில் அப்பர்கட்டில் (கீழிருந்து மேலே வரும் குத்து) ஜான்சன் விழுகிறார். எழ முயலும்போது தலையில் முழங்கால். ஒன் விதியில் தரையில் இருப்பவரின் தலைக்கு முழங்கால் செல்லும். அமெரிக்க விதியில் செல்லாது. முட்டிபோட்டுத் தலையை முன்னே கொடுத்து எழும் பழக்கம் அங்கே பல ஆண்டு பாதுகாப்பாக இருந்தது. இங்கே அதே அசைவு நாக் அவுட்.

இந்த விதிக்குத் தயாராகிறவர்கள் எழும் பயிற்சியை முதலில் மாற்ற வேண்டும். ஒரு கை நெற்றியை மறைக்க, மறு கையை ஊன்றி, இடுப்பைப் பின்னுக்கு இழுத்து, தலையை எதிராளியின் முழங்கால் கோட்டிலிருந்து விலக்கி எழுவது. எழ இடமில்லையென்றால் மல்லாந்து படுத்துக் காலால் தூரம் வைப்பது மேல்.

2022 ஆகஸ்டில் நான்காம் ரவுண்டில் வலது கை, தொடர்ந்து பாய்ந்து ஒரு முழங்கால். இம்முறை விழுந்தவர் மொரேஸ். 2023 மே மாதம் கொலராடோவில் மூன்றாவது மோதலும் ஜான்சனுக்கே, ஒருமனதாக. அதுதான் அவருடைய கடைசிச் சண்டை.