ஒளி மங்கினால் அது இரும்புதானா?

நீலமாக ஒளிரும் கார்பன் டாட் (கார்பனாலான நானோதுகள்) செய்வது சமையல் மாதிரி சுலபம். ஃபெரிக் (Fe³⁺) இரும்பு சேர்ந்தால் அதன் ஒளி மங்கும். அந்த மங்கலை வைத்துத் தண்ணீரில் இரும்பு எவ்வளவு என்று சொல்வதில்தான் சறுக்கல்.

சிட்ரிக் அமில மோனோஹைட்ரேட் 1.05 கிராம் (நீரற்றதென்றால் 0.96), எத்திலீன்டையமீன் 335 மைக்ரோலிட்டர், தண்ணீர் 10 மி.லி. டெஃப்ளான் உறையிட்ட ஆட்டோகிளேவில் (அழுத்தம் தாங்கும் மூடிய கலம்) 200 டிகிரியில் 5 மணி நேரம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். முழுக்க ஆறாமல் திறக்கவும் வேண்டாம்.

டயாலிசிஸை (சிறு மூலக்கூறுகளை மட்டும் சவ்வு வழியே வெளியேற்றிச் சுத்தம் செய்வது) தவிர்க்கக் கூடாது. இந்த வினையில் டாட்டோடு சேர்ந்து, பளிச்சென்று நீலமாக ஒளிரும் சிறு மூலக்கூறுகளும் உண்டாகின்றன. 1000 டால்டன் (மூலக்கூறு எடை அலகு) வரையுள்ளவற்றை வெளியேவிடும் சவ்வுப் பையில் வைத்து, வெளித்தண்ணீர் ஒளிர்வது நிற்கும்வரை அதை மாற்றிக்கொண்டே இருங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது நானோதுகளையே அல்ல.

360 நானோமீட்டரில் உறிஞ்சல் 0.1-க்குக் கீழே வரும்வரை கரைசலை நீர்க்கச் செய்து, 440-ஐ ஒட்டி வரும் ஒளிர்வை அளக்கலாம். ஃபெரிக் கரைசலை அமிலத்தில்தான் வைத்திருக்க வேண்டும். வெறும் தண்ணீரில் ஹைட்ராக்சைடாகிக் கலங்கிவிடும். பாஸ்பேட் பஃபர் வேண்டவே வேண்டாம், இரும்பை அதுவே பிடித்துக்கொள்ளும். பிஹெச் 3.6 அசிடேட் பரவாயில்லை. அமிலத்தில் ஒளிர்வு கொஞ்சம் குறையலாம், ஆனால் எல்லாக் குழாயிலும் ஒரே மாதிரி குறையும். கண்ணாடிச் சாமான்களை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுங்கள்.

இனிதான் முக்கியமான சந்தேகம். ஃபெரிக் அயனி தானே 360-இல் ஒளியை உறிஞ்சும். டாட்டைத் தொடாமலே, முன்னால் திரை போட்ட மாதிரி மங்கவைக்கும். தெரிந்துகொள்ள ஒரு வழி: ஃபெரிக் கரைசலைத் தனிக் குவெட்டில் (அளக்கும் சிறு கண்ணாடிக் கலம்) ஊற்றி, ஒளி வரும் பாதையில் டாட் குவெட்டுக்கு முன்னால் வையுங்கள். அப்போதும் மங்கினால் அந்த அளவுக்கு அது திரைதான். கணக்கில் திருத்த, தூண்டும் அலைநீளத்திலும் உமிழும் அலைநீளத்திலும் உள்ள உறிஞ்சல்களைக் கூட்டிப் பாதியாக்கி, அதை 10-இன் அடுக்காக்கி அளந்த ஒளிர்வோடு பெருக்குங்கள். திருத்திய பிறகு பல 'உணரி'களின் உணர்திறன் குறைந்துவிடலாம்!

இரும்பு சேர்க்காத வெற்றுக் கரைசலைப் பத்து முறை அளந்து, திட்டவிலக்கத்தின் மும்மடங்கை, இரும்பின் அளவுக்கு எதிரே ஒளிர்வு மாறும் கோட்டின் சாய்வால் வகுத்தால் கண்டறியும் எல்லை கிடைக்கும். குடிநீருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவான லிட்டருக்கு 0.3 மி.கி. இரும்பு என்பது 5.4 மைக்ரோமோலார்; குடிநீருக்குப் பயன்பட உங்கள் கண்டறியும் எல்லை அதற்குக் கீழே வர வேண்டும்.

போர்வெல் தண்ணீரில் இரும்பு பெரும்பாலும் ஃபெரஸாகவே (Fe²⁺) இருக்கும்; எடுக்கும்போது தெளிவு, வைத்தால் செம்பழுப்பு. எடுத்தவுடன் அமிலமிட்டு, அளக்குமுன் ஃபெரிக்காக ஆக்சிஜனேற்றுங்கள். அதிலுள்ள மட்கிய கரிமப் பொருளும் நீலமாக ஒளிரும் என்பதால், டாட் சேர்க்காத ஒரு குழாயும் கூடவே ஓடட்டும்.