மற்றவை எட்டு மணிக்குள் அணைந்தன

டோக்கியோவுக்கு வந்து ஒன்றரை ஆண்டாகியும் எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழி காய்கறிக் கடையையும் குழந்தை மருத்துவரையும் தாண்டவில்லை. வெங்காயம், காய்ச்சல், எவ்வளவு, நன்றி. நாங்கள் குடியிருந்த நிஷி-கசாய்ப் பகுதியில் அதற்கு மேல் தேவையும் படவில்லை. கணினித் துறையில் வேலை பார்க்கும் இந்தியக் குடும்பங்கள் நிறைந்த இடம் அது. துவரம்பருப்பும் சாம்பார்ப் பொடியும் நடக்கிற தூரத்தில் கிடைத்தன.

வீட்டு உரிமையாளர் கீழ்த்தளத்தில் இருந்தார். எழுபத்து நான்கு வயது மூதாட்டி. வீட்டுக்காரரை இங்கே ‘ஓயாசான்’ என்பார்கள். பெயருக்கும் ஆளுக்கும் பொருத்தமே இல்லை. மாதத்தில் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவர் வீட்டு வாசலில் ஒரு தகர வாளி எப்போதும் நிறையத் தண்ணீரோடு இருக்கும். செடிக்கு ஊற்றுவதற்கு என்று நினைத்திருந்தேன். செடி எதுவும் இல்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது.

2011 மார்ச் 11 பிற்பகல் 2.46 மணி. மகளுக்கு ஐந்து மாதம். நிலநடுக்கத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் குழந்தையோடு மேசைக்கடியில் புகுந்துகொண்டேன், அரிசி டப்பா உருண்டு சமையலறை முழுக்கப் பொன்னி அரிசி, அவ்வளவுதான். எங்களுக்குக் கெட்ட காலம் மறுநாள் தொடங்கியது. வடக்கே இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி, ஃபுகுஷிமா டாயிச்சி அணுமின் நிலையத்தில் முதல் உலைக் கட்டடம் 12ஆம் தேதி வெடித்தது. 14ஆம் தேதி மூன்றாவது. 15ஆம் தேதி காலை நான்காவது.

தொலைக்காட்சியில் இரவும் பகலும் ஒரே முகம். அமைச்சரவைத் தலைமைச் செயலர் யுகியோ எதானோ, வெளிர்நீல வேலைச் சட்டையில், தூக்கம் இழந்த கண்களோடு வருவார். நான் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்ட முதல் அரசாங்கச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததுதான்: ‘தடாச்சினி’. உடனடியாக என்று பொருள். உடல்நலத்துக்கு ‘உடனடியாகப்’ பாதிப்பு இல்லை. அகராதியைப் புரட்டி அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தபோது முதலில் நிம்மதி வந்தது. பிறகு அதே சொல்தான் வயிற்றைக் கலக்கியது. உடனடியாக இல்லை என்றால் எப்போது?

ராதாபுரம் பக்கத்திலிருந்து அம்மா மணிக்கொரு முறை அழைத்தார். “பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வா.” அலுவலக நண்பர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அப்படிப் போன வெளிநாட்டினருக்கு ‘ஃப்ளைஜின்’ என்று கேலிப்பெயரே உருவாகிவிட்டது, பறந்தோடிய அந்நியர்கள். நாங்கள் போகாததற்கு வீரம் காரணமல்ல. குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், எடுக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே ஐந்து மாதத்தைக் கடத்தியிருந்தோம்.

23ஆம் தேதி தண்ணீர்ச் செய்தி வந்தது. டோக்கியோவின் கனமாச்சி சுத்திகரிப்பு நிலையத்து நீரில் ஒரு கிலோவுக்கு 210 பெக்கரெல் அளவுக்குக் கதிரியக்க அயோடின்-131. கைக்குழந்தைகளுக்கான வரம்பு 100. குழாய்த் தண்ணீரில் பால் மாவைக் கரைக்காதீர்கள் என்றார்கள். அன்று காலை அதே தண்ணீரில் கரைத்த பாலைத்தான் மகள் வயிறாரக் குடித்திருந்தாள். அதற்கு முந்தைய நாளும் அப்படித்தான். கடைகளில் அரை மணி நேரத்தில் பாட்டில் நீர் தீர்ந்துபோனது. மாநகர நிர்வாகம் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை ஒன்றுக்கு மூன்று பாட்டில்கள் என்று விநியோகித்தது. ஒவ்வொன்றும் 550 மில்லி. கையெழுத்திட்டு வாங்கி வந்து மேசை மேல் வரிசையாக வைத்தேன். ஒன்றரை லிட்டர், கொஞ்சம் மேலே. பால் புட்டியைக் கழுவுவதற்கு இதில் எடுக்கலாமா, கூடாதா என்று நானும் கணவரும் சண்டை போட்டோம். மறுநாளே அளவு 79க்கு இறங்கிவிட்டது, தடை நீக்கப்பட்டது என்றார்கள். இறங்கியதை நம்பலாம், ஆனால் ஏறியபோது ஏன் யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் கேள்வி.

அன்று மாலை ஓயாசான் மாடிக்கு ஏறி வந்தார். கையில் இரண்டு பாட்டில் தண்ணீர். என் தொலைக்காட்சியில் ஓர் அதிகாரி பேசிக்கொண்டிருந்தார். ஓயாசான் இரண்டு நிமிடம் நின்று கேட்டுவிட்டு, “தைஹோனே ஹப்யோ” என்றார். ஏதோ மந்திரம் போல இருந்தது. எழுதித் தரச் சொன்னேன். ஐந்து சித்திர எழுத்துகள். ‘பேரரசுத் தலைமையகத்தின் அறிவிப்பு’ என்றது அகராதி. போர்க்காலத்தில் ராணுவத் தலைமையகம் வெளியிட்ட அறிக்கைகளுக்கு அந்தப் பெயர். இன்று அதற்கு ஒரே பொருள்தான்: அரசாங்கம் சொல்லும் பச்சைப் பொய்.

என் உண்மையான மொழிப் பாடம் அங்கேதான் ஆரம்பித்தது. வாரம் ஒரு நாள் கீழே போய்த் தேநீர் குடித்துக்கொண்டே பழைய சொற்களைக் கேட்டுக்கொள்வேன். 1942இல் மிட்வே கடற்போரில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. மக்களிடம் ஒன்று மூழ்கியது, ஒன்று சேதம் என்றார்கள். குவாடல்கனால் தீவிலிருந்து பின்வாங்கியதற்குப் பெயர் ‘தென்ஷின்’, திசைமாறி முன்னேறுதல். அட்டு என்ற தீவில் ஒரு படையே அழிந்ததற்கு ‘கியோகுசாய்’, ரத்தினம் உடைந்து சிதறுதல். தோற்றதைக்கூடத் தோல்வி என்று சொல்லாமல் ‘ஷூசென்’, போர் முடிவு, என்றுதான் இன்றும் பெரும்பாலும் சொல்கிறார்கள்.

வாளியின் கதையையும் அந்தத் தேநீர் மேசையில்தான் கேட்டேன். 1945 மார்ச் 10 நள்ளிரவு. அவருக்கு எட்டு வயது. இப்போது கோட்டோ வார்டில் அடங்கும் ஃபுககாவாவில் வீடு. குண்டு விழுந்தால் நகரத்தை விட்டு ஓடக் கூடாது, நின்று தீயை அணைக்க வேண்டும் என்பது அன்றைய வான்பாதுகாப்புச் சட்டம். வீட்டுக்கொரு வாளி, ஈரத் துணி கட்டிய கழி. தீக்குண்டு அப்படியொன்றும் பயங்கரமல்ல என்று அரசாங்கமே பாடம் நடத்தியிருந்தது. அப்பா வாளி வரிசையில் நின்றார். அம்மா சட்டத்தை மீறிப் பெண்ணை இழுத்துக்கொண்டு ஓடினார். பிழைத்தது ஓடியவர்கள். அந்த ஓரிரவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இறந்தார்கள்.

அன்று நண்பகலில் தலைமையகம் வெளியிட்ட அறிவிப்பை ஓயாசான் மனப்பாடமாகச் சொல்வார். அரண்மனைக் குதிரை லாயத்தில் பிடித்த தீ 2.35 மணிக்கு அணைந்தது. மற்றவை எட்டு மணிக்குள் அணைந்தன. “மற்றவை” என்னும்போது விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டுவார். அதற்குமேல் எதையும் சொல்ல மாட்டார். அந்த வாளியில் ஏன் இன்னும் தண்ணீர் வைக்கிறார் என்று நான் கேட்டதில்லை. அப்பாவுக்காக இருக்கலாம் என்பது என் ஊகம்.

இந்தப் பாடத்துக்குப் பிறகு செய்தித்தாளை வேறு கண்ணோடு படித்தேன். மார்ச் 12ஆம் தேதியே, உலையின் உள்ளகம் உருகியிருக்கக்கூடும் என்று அணுப் பாதுகாப்பு முகமையின் செய்தித் தொடர்பாளர் ஒருவர் வாய்விட்டுச் சொன்னார். அவர் மாற்றப்பட்டார். மே மாதம்தான் உலையை நடத்திய டெப்கோ மின் நிறுவனம் உருகியதை ஒப்புக்கொண்டது. ‘உருகுதல்’ என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள் என்று அப்போதைய தலைவரே உத்தரவிட்டிருந்தார் என்பதை அந்த நிறுவனம் 2016இல் ஏற்றுக்கொண்டது. பின்வாங்குவதைத் ‘தென்ஷின்’ என்றவர்களின் பேரப்பிள்ளைகள்தானே!

சொல் மட்டுமல்ல, வரைபடத்தையும் பூட்டி வைத்தார்கள். கதிர்வீச்சு எந்தத் திசையில் பரவும் என்று கணிக்கும் ‘ஸ்பீடி’ என்ற கணினி அமைப்பு அரசிடம் இருந்தது. நமியே ஊர்மக்கள் கடலோரத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த சுஷிமா என்ற மலைப்பகுதிக்குத் தப்பிப் போனார்கள். காற்று வடமேற்கே திரும்பி அதே சுஷிமாவின் மேல் கதிரியக்கத்தைக் கொண்டுபோய்க் கொட்டியது. உலையிலிருந்து எவ்வளவு கசிந்தது என்ற அடிப்படை அளவே தெரியாதபோது கணிப்பை எப்படி வெளியிடுவது என்று பிற்பாடு விளக்கம் சொன்னார்கள். தொழில்நுட்பப்படி அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அதே கணிப்பு 14ஆம் தேதியே அமெரிக்கப் படையின் கைக்குப் போயிருந்தது. நமியே மக்கள் உட்பட நாட்டுக்கு அது முதன்முதலாக வெளியிடப்பட்டது 23ஆம் தேதி, நான் பால் மாவோடு திகைத்து நின்ற அதே நாள்.

அந்த அக்டோபரில் ஒரு காட்சி. உலை வளாகத்தில் தேங்கிய நீரைச் சுத்திகரித்து, அது பாதுகாப்பானது என்று காட்டுவதற்காக யசுஹிரோ சொனோதா என்ற நாடாளுமன்றச் செயலர் பத்திரிகையாளர்கள் முன் ஒரு கோப்பையில் ஊற்றிக் குடித்தார். கை நடுங்கியது. அவரைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றவில்லை, பாவமாக இருந்தது. இந்த நாட்டில் அரசாங்கம் ஒன்றைப் பாதுகாப்பானது என்று சொன்னால் யாராவது ஒருவர் அதைக் குடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

அதே நாட்களில் எங்கள் ஊரிலும் தீப்பற்றியிருந்தது. கூடங்குளம். ஃபுகுஷிமா வெடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த இடிந்தகரைப் பெண்கள் பந்தலில் உட்கார்ந்துவிட்டார்கள். நவம்பரில் அப்துல் கலாம் நேரில் வந்து பார்த்து, பாதுகாப்பானது என்றார். “கலாம் ஐயாவே சொல்லிவிட்டார், இனி என்ன?” என்று மாமனார் தொலைபேசியில் கேட்டார். அத்தையோ பக்கத்திலிருந்து, “அவர் ராமேஸ்வரம் போய்விடுவார், நாம் இங்கேதானே இருப்போம்” என்றார். எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. மறு ஆண்டு செப்டம்பரில் கண்ணீர்ப்புகை. ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்கு. 2013 மே மாதம், ஒரே வாரத்தில் இரண்டு தீர்ப்புகள் என் காதுக்கு வந்தன. கூடங்குளத்தை இயக்கலாம் என்றது இந்திய உச்ச நீதிமன்றம். டோக்கியோ குண்டுவீச்சில் பாதிக்கப்பட்ட பொதுமக்கள் கேட்ட நஷ்டஈட்டு வழக்கைத் தள்ளுபடி செய்தது ஜப்பானிய உச்ச நீதிமன்றம். ராணுவத்தினருக்கு ஓய்வூதியம் உண்டு, வாளியோடு நின்றவர்களுக்கு எதுவும் கிடையாது. ஓயாசானிடம் அன்று பேசவே தயக்கமாக இருந்தது. அவர் வாளித் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தார்.

நம் ஊரில் அவநம்பிக்கை என்றால் பந்தல், கோஷம், மறியல். இங்கேயும் 2012இல் வெள்ளிக்கிழமைதோறும் பிரதமர் அலுவலகம் முன் கூட்டம் திரண்டது. ஓய் அணுமின் நிலையத்தை மீண்டும் இயக்கப் போகிறார்கள் என்றதும் பெருங்கூட்டமாயிற்று. மூன்று வாரம் நானும் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். ஆனால் நான் பழகிய ஜப்பானியத் தாய்மார்களின் அவநம்பிக்கைக்கு ஓசை கிடையாது. அவர்கள் அளந்தார்கள். கையடக்கக் கருவி வாங்கி, மணல் குழி, சறுக்குமரத்தின் அடி, மழைநீர் வடியும் ஓரம் என்று ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தார்கள். எங்கள் கிழக்கு டோக்கியோவில் அளவு கொஞ்சம் கூடுதல் என்பதால் பூங்காவுக்குப் போவதே ஆய்வுக்கூடத்துக்குப் போவது போல இருந்தது. இவாக்கி நகரில் தாய்மார்கள் ‘தராச்சினே’ என்ற பெயரில் சொந்தமாக அளவீட்டுக் கூடமே தொடங்கினார்கள். செதகாயாவில் ஒரு தெருவில் அளவு எகிறியது என்று ஊரே பதறியது. தேடிப் பார்த்தால் ஒரு பழைய வீட்டுத் தரைக்கடியில் யாரோ எப்போதோ வைத்துவிட்டுப் போன ரேடியம் புட்டிகள்! ஃபுகுஷிமாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அளந்ததால்தான் அதுவும் தெரிந்தது.

நானும் ஒரு கருவி வாங்கினேன். ஓராண்டு கைப்பையில் கிடந்தது. ஒரு நாள் கீரைக் கட்டின் மேல் அதை நீட்டிக்கொண்டு நின்ற என்னைக் கடைக்காரர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். கீரை ஃபுகுஷிமாவிலிருந்து வந்தது, அவரும் அந்த ஊர்க்காரர் என்று பிறகு தெரிந்தது. அரசாங்கத்தின் மேல் இருந்த கோபத்தை ஒரு விவசாயியின் கீரை மேல் காட்டியிருக்கிறேன். அதன்பின் கருவியை வெளியே எடுக்கவில்லை. அவர் கடையில்தான் இன்றும் கீரை.

ஓயாசான் 2019இல் காலமானார். 2023 ஆகஸ்டில் உலை வளாகத்து நீரைக் கடலில் விடத் தொடங்கியபோது அவர் இல்லையே என்று இருந்தது. அரசாங்கம் அதைச் ‘சுத்திகரித்த நீர்’ என்றது. எதிர்ப்பவர்கள் ‘மாசுபட்ட நீர்’ என்றார்கள். எந்தச் சொல்லை வாயில் எடுக்கிறோம் என்பதை வைத்தே ஆள் எந்தப் பக்கம் என்று முடிவு கட்டினார்கள். அதிலுள்ள டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருளின் அளவு என்னை அவ்வளவாக அச்சுறுத்தவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் ஏற்காமல் நீரைக் கையாளமாட்டோம் என்று 2015இல் மீனவர்களுக்கு எழுதிக் கொடுத்ததுதான் உறுத்தியது. மீனவர்கள் கடைசிவரை ஏற்கவில்லை.

2024 புத்தாண்டு நாள். நோட்டோ தீபகற்பத்தில் பெரிய நிலநடுக்கம். தொலைக்காட்சியில் அறிவிப்பாளர் ஓடுங்கள், ஓடுங்கள் என்று கத்தினார். வாளியோடு நில்லுங்கள் என்று இந்த முறை யாரும் சொல்லவில்லை. அங்கேயும் ஓர் அணுமின் நிலையம் உண்டு, ஷிகா. ஃபுகுஷிமாவுக்குப் பிறகு அது இயங்கவில்லை. பெரிய பாதிப்பு இல்லை என்ற அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. கசிந்த எண்ணெயின் அளவையும் கடல்மட்டம் உயர்ந்த கணக்கையும் அடுத்தடுத்த நாட்களில் மாற்றி மாற்றிச் சொன்னார்கள் என்பது வேறு கதை. பதின்மூன்று வயது மகள் அறிவிப்பைக் கேட்கவில்லை. கைப்பேசியில் கதிர்வீச்சு அளவீட்டு வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தாள். இதை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நினைத்துப் பார்த்தேன், நினைவில்லை.

அந்த நிலையத்தைச் சுற்றி நூற்றுப் பதினாறு அளவீட்டுக் கம்பங்கள். வடக்கே பதினெட்டு இடங்கள் வரை தரவு வராமல் போனது. பெரும்பாலும் சாலையும் துண்டிக்கப்பட்டு, மக்கள் சிக்கிக் கிடந்த அதே பகுதி. மகள் திரையை என் பக்கம் திருப்பினாள்.

“மற்ற எல்லா இடத்திலும் எண் இருக்கிறது, அம்மா. இங்கே மட்டும் ஏன் ஒன்றுமே இல்லை?”