ஷெனின் பிளாங்க்: மூக்கை விட்டுவிட்டு நாக்கைப் பிடித்தேன்

ஒரே ஒரு வெள்ளைத் திராட்சையை எடுத்துக்கொண்டு அதில் என்னென்ன வகை ஒயின் வருகிறதோ எல்லாவற்றையும் குடித்துப் பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்தது இது. ரீஸ்லிங்கைப் பற்றி எழுதித் தீர்த்துவிட்டார்கள், அதனால் ஷெனின் பிளாங்க். இனிப்பே இல்லாதது, அரை இனிப்பு, கெட்டியான முழு இனிப்பு, நுரைக்கும் வகை, ஓக் பீப்பாயில் கிடந்தது என்று எல்லாமே இதில் உண்டு. தென்னாப்பிரிக்காவில் இதைக் காய்ச்சி வடித்து பிராந்தியும் செய்கிறார்கள்.

முதலில் வாசனையைத்தான் பிடிக்கப் பார்த்தேன், எல்லோரும் அப்படித்தானே தொடங்குவோம். பச்சை ஆப்பிள், குவின்ஸ் பழம், சீமைச்சாமந்தி, தேன், ஈரக் கம்பளி என்று ஒரு நீண்ட பட்டியல் எல்லா இடத்திலும் இருக்கும். இளசான தென்னாப்பிரிக்க ஒயின் ஒன்றையும் பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கு ஒயின் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி வைத்தால், ஒன்றில் கொய்யாவும் அன்னாசியும் அடிக்கிறது, இன்னொன்றில் ஆப்பிள் தோலும் தேன்மெழுகும். இரண்டும் ஒரே திராட்சை என்று மூக்கை வைத்து யாரும் சொல்ல முடியாது. காரணம் எளிது. அந்தக் கொய்யா, அன்னாசி எல்லாம் பெரும்பாலும் ஸ்டீல் தொட்டியில் குளிர்ச்சியாக நொதிக்க வைக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கும் வாசனைகள், அவை சீக்கிரமே மங்கிவிடும். மஸ்கட் திராட்சை மாதிரி பழத்தின் மணம் நேராக முகத்தில் வந்து அடிக்கிற ரகம் இல்லை ஷெனின். அதன் வாசனை திராட்சையைவிட ஒயின் செய்தவரைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

சரி, அப்புறம் எதை வைத்து அடையாளம் பிடிப்பது? புளிப்பை வைத்து. ஒரு வாய் குடித்து விழுங்கிவிட்டு, ஒன்றும் செய்யாமல் காத்திருந்து, தாடையின் இரு பக்கத்திலும் எச்சில் எவ்வளவு நேரம் ஊறுகிறது என்று கவனித்தேன். மற்ற குறிப்புகளை எல்லாம் நிறுத்திவிட்டு இதை மட்டும் எழுத ஆரம்பித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. இனிப்பு எவ்வளவு இருந்தாலும், எந்த நாட்டிலிருந்து வந்தாலும், அந்த ஊறல் நிற்கவே மாட்டேன் என்கிறது.

ஷெனின் சீக்கிரம் துளிர்விட்டுத் தாமதமாகப் பழுக்கும் கொடி. (அதனாலேயே லுவாரில் வசந்தகால உறைபனி வந்தால் முதலில் அடிபடுவதில் இதுவும் ஒன்று.) பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறினாலும் அமிலம் எளிதில் இறங்காது, வெயில் கொளுத்தும் இடத்திலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் மலிவு ஒயினுக்காக இதை ஏக்கர் ஏக்கராக நட்டதும் இதற்காகத்தான். முன்கூட்டியே பறித்தால் நுரைக்கும் ஒயினுக்கு ஆகும், கொஞ்சம் பொறுத்தால் இனிப்பில்லாத ஒயின், இன்னும் பொறுத்தால் இனிப்பு ஒயின். புளிப்பு தூண் போல நிற்பதால் மேலே என்ன கட்டினாலும் தாங்குகிறது.

இதைச் சரிபார்க்க ஒரு சின்னச் சோதனை செய்தேன், ஆர்வமுள்ளவர்கள் கட்டாயம் செய்து பாருங்கள். இனிப்பில்லாத ஷெனினை மூன்று கண்ணாடிக் கோப்பைகளில் 100 மில்லி வீதம் ஊற்றி, ஒன்றை அப்படியே விட்டு, இன்னொன்றில் 1 கிராம் சர்க்கரை, மூன்றாவதில் 2 கிராம். அதாவது லிட்டருக்குச் சுமார் 10, 20 கிராம் கூடுதல். 10 கிராமில் எனக்கு இனிப்பு என்றே தெரியவில்லை, பழச்சுவை கொஞ்சம் உருண்டு திரண்டது, அவ்வளவுதான். 20 கிராமில் இனிப்பு தெரிந்தது, ஆனால் விழுங்கியதும் புளிப்பு வந்து வாயைத் துடைத்துவிட்டது. இதையே புளிப்புக் குறைந்த வேறொரு வெள்ளை ஒயினில் செய்தபோது 10 கிராமிலேயே திகட்டியது. ஐரோப்பிய ஒன்றிய விதியும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது: லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை வரைதான் இனிப்பில்லாத ஒயின், ஆனால் சர்க்கரைக்கும் அமிலத்துக்கும் இடையே 2 கிராமுக்கு மேல் வித்தியாசம் இல்லையென்றால் 9 கிராம் வரை போகலாம்.

லுவார் ஒயின்களில்தான் அதிக நேரம் செலவழித்தேன். தூர் நகருக்குக் கிழக்கே வூவ்ரே என்ற ஒயின் பகுதி. அடியில் துஃபோ என்கிற மிருதுவான சுண்ணாம்புக்கல், கட்டடத்துக்காக வெட்டியெடுத்த குகைகளே இன்று ஒயின் நிலவறைகள். இங்கே ஒரே தயாரிப்பாளர் செக் (இனிப்பில்லாதது), தெமி-செக் (அரை இனிப்பு), மொவல்லு (இனிப்பு) என்று இனிப்பின் படிகளில் தனித்தனியாக ஒயின் செய்வார். எதில் எவ்வளவு என்பதை அந்த வருட வானிலை தீர்மானிக்கும். குளிர்ந்த வருடம் என்றால் நுரைப்பதும் இனிப்பில்லாததும் அதிகம், நல்ல வெயில் வருடம் என்றால் இனிப்பு. எரிச்சலூட்டும் விஷயம், சில லேபிள்களில் இந்தப் படியே எழுதியிருக்காது. வாங்கும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

லுவார் ஆற்றோடு மேற்கே போனால் ஆன்ஜே நகருக்குப் பக்கத்தில் சவெனியேர். பலகைப்பாறை மண், பெரும்பாலும் இனிப்பில்லாத, இறுக்கமான ஒயின். இங்குள்ள கூலே த செரான் தோட்டத்தில் சிஸ்டெர்சியன் துறவிகள் 12-ம் நூற்றாண்டிலேயே கொடி நட்டார்கள். குளிர்பெட்டியிலிருந்து நேராக எடுத்த சவெனியேரில் புளிப்பைத் தவிர ஒன்றுமே தெரியவில்லை. 12, 13 டிகிரிக்கு வந்த பிறகுதான் தேன்மெழுகு, காய்ந்த பூ எல்லாம் எட்டிப் பார்த்தது. மறுநாள் மீதியைக் குடித்தபோது இன்னும் நன்றாக இருந்தது. திறந்த வெள்ளை ஒயினை அன்றே முடிக்க வேண்டும் என்கிற பொதுவான அறிவுரையை இந்த ஒயினுக்குப் பொருத்தாதீர்கள்.

ஆற்றின் தென்கரையில் லேயோன் என்று ஒரு கிளையாறு. இலையுதிர் காலத்தில் காலையில் மூடுபனி, மதியம் வெயில். அந்த ஈரத்தில் போட்ரைட்டிஸ் பூஞ்சை திராட்சைத் தோலைத் துளைக்கிறது, வெயிலில் தண்ணீர் ஆவியாகிறது, சர்க்கரையும் அமிலமும் இரண்டுமே செறிகின்றன. ஷெனின் குலைகள் ஒரே சமயத்தில் பழுக்காது என்பதால் ஒரே தோட்டத்துக்குள் பல சுற்று போய்ப் பழுத்ததை மட்டும் பொறுக்குகிறார்கள். கார் த ஷோம் என்ற பகுதிக்கு 2011-ல் கிராண்ட் க்ரூ என்ற உயர்தரத் தகுதியே கொடுத்தார்கள். குடித்தால் ஆப்ரிகாட் ஜாம், குங்குமப்பூ, இஞ்சி, அப்புறம் அதே ஊறல். இவ்வளவு சர்க்கரை உள்ள ஒயினைக் குடித்துவிட்டு இன்னொரு வாய் கேட்கிறோம் என்றால் அது புளிப்பின் வேலை.

தென்னாப்பிரிக்கா வேறு உலகம். கேப் பகுதியில் டச்சுக்காரர்கள் 1655-ல் கொடி நட்டு 1659-ல் முதல் ஒயினைப் பிழிந்தார்கள். அங்கே ஸ்டீன் என்ற பெயரில் வளர்ந்து வந்த கொடி ஷெனின்தான் என்று 1960-களில்தான் உறுதியானது. இன்று உலகிலேயே அதிக ஷெனின் அங்கேதான் இருக்கிறது. நீண்ட காலம் பிராந்திக்கும் மலிவு ஒயினுக்கும் போனதால் விளைச்சல்தான் முக்கியமாக இருந்தது. இப்போது 35 வயது தாண்டிய தோட்டங்களைத் தனியாகச் சான்றளித்து, நட்ட வருடத்தைப் புட்டியிலேயே முத்திரையாக ஒட்டுகிறார்கள். ஸ்வார்ட்லாண்டில் கம்பி கட்டாமல் புதராக வளரவிட்ட, நீர் பாய்ச்சாத கிழட்டுக் கொடிகளின் ஒயின், பழைய பீப்பாயில் கிடந்தது, இந்த மொத்த முயற்சியிலும் எனக்கு மிகப் பிடித்தது. வாயில் கனமாக, கொஞ்சம் உப்புக் கரிக்கிற மாதிரி. புதிய ஓக் பீப்பாயில் போட்ட ஷெனின் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை, வெனிலா வாசனைக்கு வேறு திராட்சை பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக லேபிளை மறைத்து ரீஸ்லிங்கோடு கலந்து வைத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் புளிப்பு அதிகம், அதனால் இதுதான் கஷ்டமான தேர்வு. ரீஸ்லிங்கின் புளிப்பு ஊசியாக நாக்கின் நடுவில் இறங்குகிறது. ஷெனினுடையது அகலமாகப் பரவி, முடிவில் ஆப்பிள் தோலைக் கடித்த லேசான துவர்ப்பை விட்டுப்போகிறது. அந்தத் துவர்ப்பைத் தேடினால் பெரும்பாலும் சரியாக வருகிறது. முதிர்ந்த ரீஸ்லிங்கில் பெட்ரோல் நெடி வேறு சேர்ந்துகொள்ளும், அப்போது சந்தேகமே இல்லை. ஆனால் இனிப்பு ஏறிய ஒயின்களில் துவர்ப்பு மறைந்துவிடுவதால் இன்னும் தடுமாறுகிறேன். அதற்கு ஒரே தயாரிப்பாளர், ஒரே வருடம், வூவ்ரே செக்கும் தெமி-செக்கும் சேர்த்து வைத்துக் குடிப்பதுதான் அடுத்த திட்டம்.