கவிச்சி வாடையும் ஒரு குட்டி அமீனும்

மீன் கழுவிய கையைச் சோப்பு போட்டு எத்தனை தடவை தேய்த்தாலும் வாடை மட்டும் போக மாட்டேன் என்கிறதே, அதற்கு அழுக்கு காரணமில்லை. ட்ரைமெத்திலமீன் என்ற ஒரு சின்ன மூலக்கூறுதான் காரணம். நடுவில் ஒரு நைட்ரஜன் அணு, அதோடு ஒட்டிக்கொண்டு மூன்று மெத்தில் தொகுதிகள் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்தது ஒரு மெத்தில்), அவ்வளவுதான். இப்படி நைட்ரஜனில் கார்பன் தொகுதி ஒட்டியிருப்பவைதான் அமீன்கள், மூன்று ஒட்டியிருந்தால் மூவிணைய அமீன். கல்லூரிப் புத்தகத்தில் மூவிணைய அமீனுக்கு எடுத்துக்காட்டு என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். என்னைக் கேட்டால் அமீன் பாடத்தையே இதில்தான் ஆரம்பிக்க வேண்டும், இதற்கான ஆய்வுக்கூடம் எல்லோர் வீட்டுச் சமையலறையிலும் இருக்கிறது.

அமீன்கள் காரத்தன்மை உள்ளவை, அதாவது அமிலத்துக்கு எதிர் குணம் (மிளகாய்க் காரம் இல்லை). நைட்ரஜனிடம் ஒரு ஜோடி எலக்ட்ரான் சும்மா இருப்பதால், அமிலத்தைக் கண்டதும் அதிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டு உப்பாக மாறிவிடும். உப்பு ஆவியாகாது, ஆவியாகாத பொருள் மூக்குக்கு எட்டாது. எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், புளியில் டார்டாரிக் அமிலம், தயிரில் லாக்டிக் அமிலம். மீன் குழம்புக்கு நம் ஊரில் புளி, கேரளத்தில் குடம்புளி, வறுப்பதற்கு முன் எலுமிச்சை என்று கடலோரத்துச் சமையல் எல்லாமே புளிப்பைத் தேடிப் போயிருப்பது ருசிக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மஞ்சள்தூள் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்த வேலையைச் செய்வது புளிதான்.

சோப்பு ஏன் தோற்கிறது என்பதும் இதே கணக்குதான். சாதாரணக் கட்டிச் சோப்பு காரம். காரத்தின் மேல் காரத்தைப் போட்டால் அமீன் தாராளமாக ஆவியாகி மேலே வரும். அதனால் முதலில் புளிச்சக்கையோ எலுமிச்சைத் தோலோ வைத்துத் தேய்த்து, தண்ணீரில் அலசி (அந்த உப்பு தண்ணீரில் நன்றாகக் கரையும்), அப்புறம் சோப்பு போடுங்கள். வரிசை மாறக்கூடாது.

கொதிநிலையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரே ஒரு மெத்தில் உள்ள மெத்திலமீன் கொதிப்பது சுமார் மைனஸ் 6 டிகிரி செல்சியஸில், இரண்டு உள்ள டைமெத்திலமீன் 7 டிகிரியில். எடை கூடக் கூடக் கொதிநிலை ஏற வேண்டும் அல்லவா, ஆனால் ட்ரைமெத்திலமீன் கிட்டத்தட்ட 3 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நைட்ரஜனில் ஒரு ஹைட்ரஜன்கூட மிச்சமில்லாததால் பக்கத்து மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட முடியாது, தனித்தனியாகப் பறந்துவிடும். இதே அணுக்களை வேறு மாதிரி அடுக்கினால் கிடைக்கிற புரொப்பைலமீனோ 48 டிகிரி வரை திரவமாகவே இருக்கும். பறக்கிற குணத்தோடு, காற்றில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. மூக்கில் வாடையை உணரும் புரதங்களில் ஒன்றான டார்5 என்ற ஏற்பி அந்த வேலையைச் செய்கிறது. அதன் மரபணு சற்று மாறியிருக்கிற சிலருக்கு மீன் வாடை உருளைக்கிழங்கு மாதிரி, ரோஜா மாதிரியெல்லாம் தெரிகிறது என்று 2020-ல் ஐஸ்லாந்தில் நடந்த ஆய்வு சொன்னது. கொடுத்து வைத்தவர்கள்!

உயிரோடு இருக்கும் மீனில் இந்த அமீன் பெரிதாக இல்லை. இருப்பது அதன் ஆக்சைடு, அதற்கு வாடை கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதிலிருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, மிஞ்சுவது அமீன். கடல் மீன் எவ்வளவு பழசு என்பதைப் பரிசோதனைக்கூடங்களில் இந்த அமீனை அளந்து சொல்கிறார்கள். ஆற்று மீனில் அந்த ஆக்சைடு குறைவு, கட்லா ரோகுவில் வருகிற மண் வாடை வேறு சங்கதி.

மீனுக்கு எதற்கு அந்த ஆக்சைடு? ஆழத்தில் அழுத்தம் புரதங்களின் வடிவத்தைக் குலைக்கும், ஆக்சைடு அதைத் தாங்கிப் பிடிக்கும். ஆழம் கூடக் கூட மீனின் உடலில் இதன் அளவும் கூடுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் கூடினால் உடலே கடல் நீரைவிடச் செறிவாகிவிடும் என்பதால், சுமார் 8200 மீட்டருக்குக் கீழே மீன் இருக்காது என்று 2014-ல் கணித்தார்கள். 2022-ல் ஜப்பான் பக்கத்துக் கடல் பள்ளத்தில் ஒரு நத்தைமீன் கேமராவில் சிக்கியது, ஆழம் 8336 மீட்டர். கணிப்பு மோசமில்லை. சுறாவின் கதை வேறு. அது உடலில் யூரியாவைச் சேர்த்து வைத்திருக்கிறது, யூரியா புரதத்தைக் கெடுக்கும், அதைச் சரிக்கட்ட இதே ஆக்சைடு. செத்த பிறகு யூரியா அமோனியாவாகிறது, ஆக்சைடு அமீனாகிறது, இரண்டும் சேர்ந்து மூக்கைத் துளைக்கும். சுறாப்புட்டு செய்கிறவர்கள் மீன் புதுசாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பதில் நியாயம் இருக்கிறது.

தொழிற்சாலையில் மெத்தனாலையும் அமோனியாவையும் சூடான வினையூக்கியின் மேல் செலுத்தி ட்ரைமெத்திலமீனைத் தயாரிக்கிறார்கள். மூன்று மெத்திலமீன்களும் கலந்தே வரும், பிரித்தெடுக்க வேண்டும். எளிதில் தீப்பிடிக்கிற, கண்ணை எரிக்கிற வாயு என்பதால் சிலிண்டரிலோ தண்ணீரில் கரைத்தோதான் விற்பார்கள். பெரிய பயன் கோலின் என்ற சத்தின் உப்பான கோலின் குளோரைடு செய்வது, அது கோழித் தீவனத்தில் சேர்வது. நாமக்கல் பக்கம் தீவனத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பழகிய பெயர். இன்னொன்று, தண்ணீரிலிருந்து உப்பை நீக்கும் ரெசின் என்கிற செயற்கைப் பிசின் மணிகள். அனல்மின் நிலையங்களில் கொதிகலனுக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் இடத்தில் சில நேரம் லேசாக மீன் வாடை வீசும், புதிதாக வேலைக்கு வந்தவர்கள் யார் டப்பாவில் மீன் என்று தேடுவார்கள். ரெசினில் பிணைந்திருக்கும் அமீன் கொஞ்சம் கழன்று வருவதுதான் அது.

கடைசியாக ஒன்று. முட்டை, ஈரல் போன்றவற்றிலுள்ள கோலினிலிருந்து நம் குடல் பாக்டீரியாக்களும் இந்த அமீனை உண்டாக்குகின்றன, கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை வாடையற்ற ஆக்சைடாக்கிவிடும். பிறவியிலேயே அந்த நொதி சரியாக வேலை செய்யாதவர்களுக்கு வியர்வையிலும் மூச்சிலும் சிறுநீரிலும் மீன் வாடை வரும். ட்ரைமெத்திலமினூரியா என்று பெயர். ஒரு நாளைக்கு இரண்டு வேளை குளித்தும் வாடை போகாமல், சுத்தமில்லாதவர் என்று பேச்சு வாங்குகிறவர்கள் இவர்களில் உண்டு. சிறுநீர்ப் பரிசோதனையில் அமீனும் ஆக்சைடும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று பார்த்து உறுதி செய்கிறார்கள். மருத்துவர்கள் உணவில் கோலினைக் குறைக்கச் சொல்வதோடு, குளிக்க பிஹெச் 5.5 முதல் 6.5 வரையிலான, லேசான அமிலத்தன்மை உள்ள சோப்பைத்தான் பரிந்துரைக்கிறார்கள்.