பத்து வருடக் கணக்கு கேட்கும் வேலை

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் நெட்வொர்க் கேபிள் போடும் வேலைக்கு வரும் பல விளம்பரங்களில் கடைசி வரி ஒரே மாதிரி இருக்கும். ஆஸ்திரேலியக் குடியுரிமை அவசியம், பேஸ்லைன் அல்லது என்.வி.1 கிளியரன்ஸ் இருப்பவர்களுக்கு முன்னுரிமை. கிளியரன்ஸ் என்றால் ஆளின் பின்னணியைச் சோதித்து அரசு தரும் பாதுகாப்பு அனுமதி; பேஸ்லைன் கீழ்ப்படி, என்.வி.1 அதற்கு மேல்படி. சிங்கப்பூரில் டேட்டா சென்டர்களில் ரேக் கட்டி, ஃபைபர் ஒட்டிவிட்டு இங்கே வந்தவன் நான். வேலை கைக்குப் பழக்கம். ஆனால் அந்த ஒரு வரியைத் தாண்ட வருடங்கள் ஆயின. இதே தொழிலில் இருந்து இங்கே வரும் தம்பிகள் என்னிடம் அதிகம் கேட்பதும் இதைத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எந்தக் கட்டடம், எந்தத் துறை என்பதை மட்டும் எழுத மாட்டேன்.

முதலில் பதிவு. இங்கே சுவருக்குள்ளோ சீலிங்குக்கு மேலோ தொலைத்தொடர்பு கேபிள் போட வேண்டுமென்றால் பதிவு பெற்ற கேபிளராக இருக்க வேண்டும், இல்லையென்றால் அப்படி ஒருவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். விதிகளை வகுப்பது ஏ.சி.எம்.ஏ. என்ற அரசு அமைப்பு. அது அங்கீகரித்த பதிவாளர்கள்தான் அட்டை தருகிறார்கள். அலுவலகக் கட்டடங்களுக்கு ‘ஓப்பன்’ பதிவு வேண்டும், அதற்கு 360 மணி நேர வேலை அனுபவம் காட்ட வேண்டும். ஸ்ட்ரக்சர்டு கேபிளிங்குக்கும் (கட்டடம் முழுக்க ஒரே முறையில் போடும் டேட்டா கேபிள் அமைப்பு) ஃபைபருக்கும் தனித்தனித் தகுதி உண்டு. வெளிநாட்டு அனுபவம்தான் இருக்கிறதே என்று பயிற்சியை அலட்சியமாக எடுக்காதீர்கள். மின்சாரக் கம்பிக்கும் டேட்டா கேபிளுக்கும் நடுவே 50 மி.மீ. இடைவெளி அல்லது ஒரு தடுப்பு இருக்க வேண்டும் என்பது இங்கே ஆளைக் காப்பாற்றும் விதி. அதை நூல் பிடித்தாற்போல் பார்ப்பார்கள்.

கட்டுமான இடங்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி அட்டையான ஒயிட் கார்டு, ஆஸ்பெஸ்டாஸ் பயிற்சி இரண்டும் கையோடு முடித்துவிடுங்கள். மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இழையைக் கூரைக்குள் நிரப்பியிருந்ததால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அரசே விலைக்கு வாங்கி இடித்த ஊர் இது. பழைய சீலிங்கைத் தூக்கும் முன் இங்கே எல்லாரும் ஒரு கணம் யோசிப்பார்கள்.

அப்புறம் குடியுரிமை. நான்கு வருடம் முறையான விசாவில் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், அதில் கடைசி 12 மாதம் நிரந்தரக் குடியிருப்பாளராக இருந்திருக்க வேண்டும். தேர்வில் 20 கேள்விகள். 15 சரியாக இருந்தால் போதும், ஆனால் ஆஸ்திரேலிய விழுமியங்கள் பற்றிய ஐந்தில் ஒன்றுகூடத் தவறக் கூடாது. தேர்வு கடினமில்லை. எனக்குக் கடினமாக இருந்தது அதன் பிறகு வந்தது. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒரு வேலைக்காக இதைச் செய்யலாமா என்று வீட்டில் பல இரவுகள் பேசினோம். அப்பாதான் போனில் முடித்து வைத்தார். “பிள்ளைங்க அங்கதான வளருது, நீயும் அந்த ஊர்க்காரனா இருந்துக்கோப்பா.”

குடியுரிமை கிடைத்த உடனே கிளியரன்ஸ் கேட்டுவிட முடியாது. தனி ஆளாக விண்ணப்பிக்க வழியில்லை. வேலை கொடுக்கும் நிறுவனம் ஸ்பான்சர் செய்தால்தான் பாதுகாப்புத் துறையின் கீழ் இயங்கும் ஏ.ஜி.எஸ்.வி.ஏ. என்ற பின்னணிச் சோதனை அமைப்பு உங்கள் கோப்பைத் திறக்கும். பேஸ்லைனுக்கு ஐந்து வருடப் பின்னணி, என்.வி.1-க்குப் பத்து வருடம். எங்கே குடியிருந்தீர்கள், எங்கே வேலை பார்த்தீர்கள், எந்த நாட்டுக்குப் போனீர்கள், யாரோடு தொடர்பில் இருக்கிறீர்கள், கடன் எவ்வளவு, எல்லாம் கேட்பார்கள். தேதிகளுக்கு நடுவே ஓட்டை இருக்கக் கூடாது.

நம்மைப் போல மூன்று நாட்டில் வாழ்ந்தவர்களுக்கு இதுதான் மலை. சிங்கப்பூரில் கம்பெனி சொல்லும்போதெல்லாம் தங்கும் விடுதி மாறியவன் முகவரிக்கு என்ன சான்று காட்டுவான்? எனக்குக் கைகொடுத்தவை பழைய வொர்க் பர்மிட் நகல்கள், சம்பளச் சீட்டுகள், மனைவிக்குப் பணம் அனுப்பிய ரசீதுகள், அவள் தூக்கிப் போடாமல் வைத்திருந்த பழைய பாஸ்போர்ட். இப்போது வெளிநாட்டில் இருப்பவர்கள் இன்றைக்கே ஒரு ஃபைல் போட்டு வையுங்கள். வேலையை விட்டு வரும்போது மேலாளரிடம் தேதியோடு கடிதம் வாங்குங்கள். அந்த நாட்டை விட்டுக் கிளம்பிய பிறகு இதையெல்லாம் வாங்குவது பெரும்பாடு.

சமீபத்தில் ஒரு தம்பி கேட்டான். “அண்ணா, ஊர்ல ஒரு கடன் இருக்கு. அதை எழுதாம விட்டுடலாமா?” கூடாது என்றேன். கடன் இருப்பதை விட அதை மறைப்பதைத்தான் அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள். இந்த மனுஷன் உள்ளதை உள்ளபடி சொல்கிறவனா, யாரும் மிரட்டிப் பணிய வைக்கக்கூடிய நிலையில் இருக்கிறானா, இவைதான் அவர்களுடைய கேள்விகள். அது எனக்கு நியாயமாகவே படுகிறது.

உள்ளே வேலை எப்படி? போன், ஸ்மார்ட் வாட்ச் எல்லாம் வாசல் லாக்கரில். போகும் பகுதிக்கு உங்கள் கிளியரன்ஸ் போதவில்லையென்றால் உங்களைக் கவனித்துக்கொள்ளக் கூடவே ஒரு எஸ்கார்ட் வருவார். அவருக்கு வேறு அவசரம் வந்தால் நீங்களும் கருவியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வர வேண்டும். வெளியே அரை நாளில் முடியும் வேலை இங்கே இரண்டு நாள் இழுக்கும். பதற்றப்பட்டுப் பயனில்லை.

ரகசியத் தகவல் ஓடும் கேபிளுக்கு நிறமே வேறு. சீக்ரெட் என்றால் சால்மன் மீனின் இளஞ்சிவப்பு, டாப் சீக்ரெட் என்றால் சிவப்பு. மற்ற எதற்கும் அந்த இரண்டு நிறமும் ஆகாது. யாராவது ரகசியக் கேபிளையும் சாதாரணக் கேபிளையும் குறுக்கே இணைத்துவிட்டால் பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. செம்புக் கம்பியில் சிக்னல் ஓடும்போது மின்காந்த அலை கொஞ்சம் வெளியே கசியும், ஒளியாகத் தகவல் ஓடும் ஃபைபரில் அது இல்லை. அதனால் ஃபைபருக்கே முதலிடம். குறைந்தது ஐந்து மீட்டருக்கு ஒரு இடத்திலாவது கேபிளைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க முடிய வேண்டும். ஒவ்வொரு கேபிளும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று லேபிளிலும் இருக்க வேண்டும், பதிவேட்டிலும் இருக்க வேண்டும். கேபிள் சரியாக ஓடி, கேபிளைச் சோதிக்கும் ஃப்ளூக் டெஸ்டரில் பாஸ் ஆகி, பதிவேட்டில் ஒரு எண் மாறியிருந்தாலும் வேலை முடியாததாகவே கணக்கு. எனக்கு இது பிடித்திருக்கிறது. நேரமில்லை, லேபிளைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லாத இடத்தில் வேலை செய்வது, இந்தத் தொழிலை நேசிப்பவனுக்கு ஒரு மரியாதை.

வீட்டில்தான் பழக நாளானது. எங்கே வேலை, என்ன பார்த்தாய் என்று மனைவி கேட்டால் சொல்ல முடியாது. தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் யாராவது கேட்டால் “கேபிள் வேலை” என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கிளியரன்ஸ் இருப்பதை லிங்க்ட்இன்னில் போட்டுக்கொள்ளவும் கூடாது. வெளிநாட்டுப் பயணம் என்றால் கிளம்பும் முன்பே தெரிவிக்க வேண்டும். அப்பா இறந்த இரவில் டிக்கெட் போட்ட கையோடு நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரிக்குத்தான் போன் செய்தேன். அவர் விவரங்களைக் குறித்துக்கொண்டு, மற்ற படிவங்களைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, என்னைக் கிளம்பச் சொன்னார்.

குடியுரிமைக்கு இன்னும் காத்திருப்பவர்கள் அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பள்ளிகள், மருத்துவமனைகள், கடைகள், தனியார் அலுவலகங்கள் என்று கிளியரன்ஸ் கேட்காத கேபிள் வேலை நிறையவே உண்டு. அரசு ஒப்பந்தங்கள் எடுக்கும் நிறுவனம் ஒன்றிலேயே அந்த வேலைகளில் சேர முயலுங்கள். நாளைக்கு உங்களுக்கு ஸ்பான்சர் செய்யப் போவது, உங்கள் கைவேலையை ஏற்கெனவே பார்த்த அந்த முதலாளிதான்.